படிக்காசும் முதற்சம்பளமும்



வழக்கமாக இப்பக்கத்தில் விரதங்களைப் பற்றியும் திருவிழாக்களைப் பற்றியும் பேசுவோம். இம்முறை சம்பளத்தைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். கோயிற் பத்திரிகையில் சம்பளத்துக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சப்பாத்து வைக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள் அங்கே பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒரே விடயந்தான். வேலை கிடைத்துவிட்டது, காசு இன்னும் வரவில்லை.

வேலை இல்லாதவனுக்கு ஊர் இரங்கும். சம்பளம் வாங்குபவனை ஊர் மதிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவனை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. அவன் விடிய நான்கு மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, களஞ்சியசாலையில் பெட்டி தூக்கிவிட்டு வருகிறான். வேலைக்குப் போகும் முன்னரே இரும்பு நுனி வைத்த சப்பாத்து வாங்கவேண்டும், அது கடன். மாதாந்தப் பஸ் அட்டை வாங்கவேண்டும், அதுவும் கடன். அறை வாடகைக்கு முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்துக் கட்டியதில் கொண்டுவந்த காசு கரைந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வருகிறது. "தம்பிக்கு வேலை கிடைச்சிட்டுதாம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனாங்கள்" என்கிறார் தாய். அடுத்த வசனம் என்னவென்று அவனுக்குத் தெரியும். வட்டிக்காரர் வந்து போனார் என்பதுதான் அது. வேலை கிடைத்த செய்தி ஆகாயத்தில் பறந்து ஒரே நாளில் ஊருக்குப் போய்விட்டது. சம்பளம் மட்டும் மாட்டுவண்டியில் வந்துகொண்டிருக்கிறது.

ஏன் இந்தத் தாமதம் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். விளங்காதவன் முதலாளி ஏமாற்றிவிட்டார் என்று வீணாகப் பயப்படுகிறான். சில வேளை, உண்மையிலேயே ஏமாற்றப்படுகிறவன் இதுதான் இந்நாட்டு வழக்கம் என்று நம்பிச் சும்மா இருக்கிறான். இரண்டும் நடக்கின்றன.

இங்கே பல இடங்களில் சம்பளம் இரண்டு கிழமைக்கு ஒரு முறை வரும். ஆண்டுக்கு 26 முறை. ஆனால் வேலை செய்த பின்னரே கணக்குப் பார்ப்பார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கணக்குத் தொடங்கும் திங்கட்கிழமையே ஒருவர் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிழமைக் கணக்கு 14ஆம் நாள் ஞாயிறோடு முடியும். அதன்பின் மணித்தியாலங்களைச் சரிபார்த்து, வரும் வெள்ளிக்கிழமை, அதாவது 19ஆம் நாள், காசு வங்கிக்கு வரும். சின் இலக்கத்தையோ வங்கிக் கணக்கு விபரம் உள்ள வோயிட் செக்கையோ பிந்திக் கொடுத்து, பெயர் அந்தக் கணக்கில் ஏறாமற் போனால், அடுத்த சம்பள நாள் 33ஆம் நாள். இடையில் மாதம் முதலாந் திகதி வந்து போய்விடும், வாடகையோடு. ஆகவே புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கணக்கு என்றைக்கு முடியும், காசு என்றைக்கு வரும்? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. ஒன்ராறியோவின் 2000ஆம் ஆண்டு வேலை நியமச் சட்டப்படி ஒவ்வொரு தொழில்வழங்குநரும் ஒழுங்கான சம்பளக் காலமும் சம்பள நாளும் வைத்திருக்கவேண்டும்.

இனிப் புராணத்துக்கு வருவோம். காசுக்காகக் காத்திருந்து, அதனால் சோறு பிந்திய கதை எங்கள் சமயத்திலேயே இருக்கிறது. அந்தக் கதை நடந்த இடம் ஒரு மடத்துச் சமையலறை என்பதைக் கவனியுங்கள்.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்தது. ஆறு வற்றியது, ஊரிலே பஞ்சம் வந்தது. இருவரோடும் பெரிய அடியார் கூட்டம் இருந்தது. அத்தனை பேருக்கும் எப்படி உணவளிப்பது என்ற கவலையோடு உறங்கியவர்களின் கனவிலே மிழலைப் பெருமான் தோன்றினார். பஞ்சம் தீரும் வரை உங்கள் அடியார்களுக்காக நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவோம் என்று அருளினார். மறுநாள் காலை கோயிலின் கீழைப்பீடத்தில் ஒரு காசும் மேலைப்பீடத்தில் ஒரு காசும் இருந்தன. கிழக்கில் உள்ளது சம்பந்தருக்கு, மேற்கில் உள்ளது நாவுக்கரசருக்கு. இதுவே படிக்காசு. இன்றும் அக்கோயிலுக்குச் செல்வோர் அப்பீடங்களைத் தரிசிக்கலாம்.

காசு வந்தது, கடைக்குப் போனது, அரிசியும் பருப்பும் வந்தன, அடியார்கள் உண்டார்கள். ஆனால் ஒரு விடயம் சம்பந்தருடைய கண்ணிற் பட்டது. நாவுக்கரசர் மடத்திலே வேளைக்கு உணவு பரிமாறப்படுகிறது. தம்முடைய மடத்திலே மட்டும் நாள்தோறும் பிந்துகிறது. அவர் சமையற்காரரைக் கோபிக்கவில்லை. ஏன் பிந்துகிறது என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள்: சுவாமி, நீங்கள் பெறும் காசைக் கடைவீதியில் கொடுத்தால் வணிகர் வாசி கேட்கிறார்கள். அரசர் பெறும் காசுக்கு வாசி இல்லை, கொடுத்தவுடன் பண்டம் வருகிறது. வாசி என்றால் நாணயத்தின் முழு மதிப்பைக் கொடாமல் வணிகர் கழித்துக்கொள்ளும் வட்டம். அதைப் பேசித் தீர்ப்பதற்குள் பொழுது ஏறிவிடுகிறது.

ஏன் அரசருடைய காசுக்கு வாசி இல்லை? சம்பந்தரே அதற்கு விடை கண்டார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். நாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதியிலே புல் செதுக்கிக் கைத்தொண்டு செய்தவர். முதிர்ந்த வயதிலும் உடம்பால் உழைத்தவர். உடம்பால் உழைத்தவருடைய காசிலே ஒரு சதமும் குறையக்கூடாது என்பது மிழலைப் பெருமானுடைய கணக்கு.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். எம்மிடையே நடப்பது இதற்கு நேர்மாறாக அல்லவா இருக்கிறது? மேசைக்குப் பின்னால் இருப்பவரின் சம்பளம் நிமிடம் தவறாமல் வருகிறது. பெட்டி தூக்குபவனுக்கும், அடுப்படியில் நிற்பவளுக்கும், இரவு முழுவதும் கட்டடம் துடைப்பவருக்குந்தான் வாசி விழுகிறது, நாளும் பிந்துகிறது. திருவீழிமிழலையில் கைத்தொண்டருக்கு நல்ல காசு வந்தது. இங்கே கைத்தொண்டருக்குத்தான் வாசிக்காசு.

சம்பந்தர் பிறகு என்ன செய்தார்? இறைவன் தந்தது, குறைந்தாலும் பிரசாதந்தானே, பொறுத்துக்கொள்வோம் என்று இருந்தாரா? இல்லை. மறுநாள் கோயிலுக்குப் போனார். வாசியில்லாத நல்ல காசு தரும்படி பதிகம் பாடி, தந்தவரிடமே நேராகக் கேட்டார். அன்று முதல் அவருடைய காசும் முழு மதிப்புக்குச் சென்றது. மடத்திலே வேளைக்குச் சோறு வெந்தது. அவருடைய கேள்வியின் பின்னால் அவருடைய சொந்தப் பசி இல்லை, பந்தியிலே காத்திருந்த அடியாருடைய பசியே இருந்தது. முதற்சம்பளம் பிந்தும்போது பசிப்பதும் ஒரு வயிறு மட்டுமன்று. அறையிலே மனைவி இருக்கிறாள், ஊரிலே தாய் இருக்கிறாள், கடன் தந்த சிநேகிதன் இருக்கிறான்.

எம்மவர் பலர் சம்பளத்தைக் கேட்பதை ஒரு வெட்கமாக நினைக்கிறார்கள். "கேட்டால் வேலையை விட்டு நிற்பாட்டிப் போடுவினம்" என்ற பயம் ஒரு பக்கம். "நல்ல மனிசர், தருவார்" என்ற தாட்சண்யம் மறு பக்கம். இறைவனிடமே கணக்குக் கேட்ட பிள்ளையைக் குருவாகக் கொண்ட நாங்கள், ஒரு மேலாளரிடம் கேட்கத் தயங்குவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை.

கேட்பதற்கு முன் எது வாசி, எது வாசி அன்று என்று தெரிந்திருக்கவேண்டும். முதற்சம்பளச் சீட்டைப் பார்த்துப் பல பிள்ளைகள் திடுக்கிடுகிறார்கள். மணித்தியாலத்தையும் கூலியையும் பெருக்கி வந்த தொகை மேலே இருக்கும், கையில் வருவது கீழே குறைந்து நிற்கும். இடையில் வருமான வரி, கனடா ஓய்வூதியத் திட்டம், வேலைக் காப்புறுதி ஆகிய மூன்றும் கழிக்கப்படும். இவை சட்டப்படியான கழிவுகள். வரி கூடுதலாகக் கழிபட்டிருந்தால் அடுத்த வசந்தத்தில் வரிக் கணக்குச் சமர்ப்பிக்கும்போது திரும்பி வரும். வேலையிலே பிழை நேர்ந்தது, பொருள் பழுதானது என்று சொல்லிக் கழிப்பது அப்படிப்பட்டதன்று. இந்த மாகாணச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பயிற்சி நாட்களுக்குக் கூலி இல்லை என்பதும் அவ்வாறே. தொழில்வழங்குநர் கட்டாயமாகப் பெறச் சொன்ன பயிற்சி வேலை நேரமாகவே கணிக்கப்படும். முதல் இரண்டு கிழமைச் சம்பளத்தைப் பிடித்து வைப்போம், வேலையை விட்டுப் போகும்போது தருவோம் என்று சொல்வதுண்டு. அதுவும் வாசிக்காசே. சேர்ந்துவரும் விடுமுறைக் கொடுப்பனவைத் தவிர, ஒரு சம்பளக் காலத்தில் உழைத்த கூலி முழுவதும் அதற்குரிய சம்பள நாளில் வரவேண்டும். வராவிட்டால் மாகாணத் தொழில் அமைச்சிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அத்தகைய ஏஜென்சிகள் இங்கே அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டும். முதல் நாளே அதைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது வாங்குபவருக்கு. கொடுப்பவர்களும் இப்பத்திரிகையை வாசிக்கிறார்கள். 1983க்குப் பின் வந்த எம்மவரிற் பலர் அன்று பாத்திரம் கழுவினார்கள். இன்று அவர்களிலே பலசரக்குக் கடைக்காரர் உண்டு, சமையல் ஓடர் எடுப்போர் உண்டு, துப்புரவு ஒப்பந்தக்காரர் உண்டு. மகிழ்ச்சி. அவர்களுக்கு ஒரு கேள்வியை நினைவூட்டுகிறேன். கேள்வி என்னுடையதன்று, இராமபிரானுடையது.

வால்மீகி இராமாயணத்தில் அயோத்தியா காண்டத்திலே, பரதன் சித்திரகூடத்துக்கு அண்ணனைத் தேடி வருகிறான். தந்தை இறந்த செய்தி இன்னும் இராமனுக்குத் தெரியாது. மரவுரி தரித்த இராமன், மெலிந்து வாடிக் காலில் விழுந்த தம்பியைத் தூக்கி மடியில் இருத்தி, நலம் கேட்கிறான். அந்த நலவிசாரணை ஒரு முழுச் சருக்கம். நாட்டை ஆள்பவன் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்கிறாயா, செய்கிறாயா என்று வினவுகிறான். அவற்றுள் ஒன்று: படைவீரர்களுக்கு உரிய உணவையும் கூலியையும் உரிய காலத்திலே கொடுக்கிறாயா, தாமதிப்பதில்லையே? காலங் கடந்தால் உழைப்பவர் எசமான்மேல் சினங்கொள்வர், அதனால் பெருந்தீங்கு விளையும் என்றும் சொல்லி வைக்கிறான். மகாபாரதத்திலும் சபா பருவத்தில் நாரதர் தருமனிடம் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்கிறார். இரண்டு இதிகாசங்களும் ஒரே கேள்வியைக் கேட்டு வைத்திருக்கின்றன. அரசன் எவ்வளவு கூலி கொடுக்கிறான் என்பதோடு நில்லாமல், எந்த நாளிற் கொடுக்கிறான் என்பதையும் எங்கள் பெரியோர் தருமத்தில் வைத்தார்கள்.

கடையை இராப்பகலாக நடத்தும் சிரமம் எனக்குத் தெரியும். வாடகை, மின்சாரம், வரி, வராத பாக்கி எல்லாம் தெரியும். ஆனாலும் "பெடியன் புதுசு, மூன்று நாள் பழகட்டும், பிறகு காசைப் பற்றிக் கதைப்பம்" என்று சொல்லும் ஒருவர், அதே கிழமை கோயிலிலே ஒரு நாள் உபயத்துக்குப் பெயர் கொடுத்தால், அந்த உபயத்திலே யாருடைய காசு எரிகிறது? பெருமான் கூலி வாங்காமல் வேலை செய்தவர் அல்லர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மதுரையிலே வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டை முன்கூலியாக வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் மண் சுமக்கப் போனார். (போய் ஒழுங்காக வேலை செய்தாரா என்பது வேறு கதை.)

காத்திருப்பதைப் பற்றிச் சொல்ல வந்தேன். சுந்தரமூர்த்தி நாயனார் அதிலே எங்களுக்கு வழிகாட்டி. திருமுதுகுன்றம் என்ற விருத்தாசலத்திலே பெருமான் அவருக்குப் பன்னீராயிரம் பொன் கொடுத்தார். வழியிலே கொண்டுபோவது கடினம், ஆகவே இங்கே மணிமுத்தாற்றிலே போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்திலே எடுத்துக்கொள் என்றார். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று நாங்கள் கேலியாகச் சொல்லும் பழமொழி இதுதான். இன்றைக்கு எந்தக் காசும் கையிலே வருவதில்லை. ஓரிடத்திலே கணினியில் இடுகிறார்கள், வேறிடத்திலே வங்கி இயந்திரத்தில் எடுக்கிறோம். சுந்தரர் செய்ததை இப்பொழுது எல்லோருமே செய்கிறோம்!

ஆனால் சுந்தரர் பொன்னை ஆற்றில் இடுமுன் ஒரு காரியம் செய்தார். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொன்னிலே ஒரு சிறு துண்டை வெட்டி, மச்சமாகத் தம் கையில் வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரி. திருவாரூருக்குப் போய், பரவை நாச்சியாரை அழைத்துக்கொண்டு குளத்திலே இறங்கித் தேடினார். பொன் வரவில்லை. ஆற்றிலே போட்டதைக் குளத்திலே தேடுகிறீரோ என்று நாச்சியார் நகைத்தார். வீட்டிலே மனைவி சிரிக்கும்போது எந்தக் கணவனுக்கும் முகம் வாடும், தம்பிரான் தோழருக்கும் வாடியிருக்கும். பாடினார், மேலும் பாடினார். பிறகே பொன் வந்தது. வந்தவுடன் வாரிக்கொண்டு போனாரா? இல்லை. கையில் வைத்திருந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடியும் பாடினார், மாற்றுச் சரியாயிற்று. கமலாலயக் கரையிலே மாற்றுரைத்த பிள்ளையாரை இன்றும் வழிபடலாம்.

வன்றொண்டருக்குத் தோழர்மேல் நம்பிக்கை இல்லையா? முழு நம்பிக்கை இருந்தது, இல்லாவிட்டால் பன்னீராயிரம் பொன்னை ஆற்றிலே போடுவாரா? நம்பிக்கையும் இருந்தது, மச்சமும் இருந்தது. ஆகவே வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளே, உங்கள் மச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கொப்பி போதும். எந்தத் திகதி, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள், யார் வேலைக்குக் கூப்பிட்டார், மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்றார். அன்றன்று எழுதுங்கள். சம்பளச் சீட்டு வரும் நாளிலே இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து உரைத்துப் பாருங்கள். அமைச்சில் முறையிடப் போனாலும் முதலிற் கேட்கக்கூடியது இந்தக் கொப்பியைத்தான்.

பொன் வரும்வரை சுந்தரர் குளத்தைவிட்டு வேறு கரைக்குப் போகவில்லை. எம்முடைய பிள்ளைகள் சிலர் போகும் கரை ஒன்றிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சம்பள நாள் வரை கடன் தருகிறோம் என்று மஞ்சளும் சிவப்புமாக விளக்குப் போட்ட கடைகள் வீதியோரங்களில் இருக்கின்றன. வேலை இருப்பதற்கு அத்தாட்சி காட்டினால் அரை மணித்தியாலத்தில் காசு. 2018 முதல் ஒன்ராறியோவில் அவர்கள் 100 டொலருக்கு 15 டொலர் வரை அறவிடலாம் என்றிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் உச்சவரம்பு 14 டொலர். குறைந்துவிட்டதே என்று ஆறுதற்படவேண்டாம். 500 டொலர் எடுத்தால் இரண்டு கிழமையில் 570 கட்டவேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 360 விழுக்காட்டுக்கு மேல். முதற்சம்பளத்திலே 570ஐக் கட்டியவனுக்கு அடுத்த வாடகைக்குக் கை கடிக்கும். திரும்பவும் அதே கடைக்குப் போவான். ஊரிலே மீற்றர் வட்டி என்று நாங்கள் பயந்த அதே விடயந்தான், இங்கே கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறது. அந்தக் கதவைத் தள்ளுமுன் மூன்று பேரைக் கேளுங்கள். வேலைத்தலத்தில் முற்பணம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் சம்பள நாளைச் சொல்லி இரண்டு கிழமைத் தவணை கேளுங்கள். இங்கே கோயிலிலே பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். மூவரும் இல்லையென்றால் பிறகு யோசியுங்கள்.

அண்மையில் ஓர் இளைஞர் என்னிடம் வந்து, முதற்சம்பளத்திலே பிள்ளையாருக்கு எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டார். தாயார் முழுச் சம்பளத்தையும் உண்டியலில் போடுவதாக நேர்ந்துவிட்டாராம். தாயின் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளை கடல் கடந்து போகும்போது தாய் எதைத்தான் நேரமாட்டாள்? வாடகை கட்டிவிட்டீரா என்று கேட்டேன். இல்லை என்றார். சப்பாத்துக்குத் தந்த சிநேகிதனுக்கு? இல்லை. அப்படியானால் இந்தச் சம்பளத்திலே பிள்ளையாருக்கு ஓர் அறுகம்புல் போதும், மீதியை அவர்களுக்குக் கொடும் என்றேன். அதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற பரிபாலன சபை உறுப்பினர் ஒருவருடைய முகம் சற்று மாறியது உண்மை. இருந்தாலும் சொன்னதைச் சொன்னதுதான். இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டிய காசு எம்முடைய காசு அன்று. எம்முடையதல்லாததை எப்படிச் சுவாமிக்குக் கொடுப்பது? நேர்த்தி எங்கும் போய்விடாது. கடன் தீர்ந்தபின் வரும் ஒரு சம்பளத்தில் அதை நிறைவேற்றலாம். அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

வீட்டிலே புதிதாக வந்த உறவினரை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். இளையான்குடிமாற நாயனார் வீட்டிலே அரிசி இல்லாத மழை இரவில், பகல் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்தார். அவர் செய்தது பெரிது. ஆனால் அந்த அம்மையார் விறகில்லாத வீட்டிலே, ஈரநெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கியபோது முகஞ்சுளித்ததாகப் புராணம் சொல்லவில்லை. அது அதனிலும் பெரிது. நீங்களும் சோறு போடுகிறீர்கள், சந்தேகமில்லை. கூடவே "இன்னும் சம்பளம் வரேல்லையோ" என்று சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்காதிருங்கள். வந்தால் அவனே முதலிற் சொல்வான்.

கடைசியாக எமது ஆலயத்துக்கே ஒரு விண்ணப்பம். திருவீழிமிழலையிலே பெருமான் கொடுத்த காசு யாருடைய பெட்டியிலும் சேரவில்லை, நேரே அடுப்படிக்குப் போயிற்று. எமது மடைப்பள்ளியிலும் வெள்ளிக்கிழமைகளில் அன்னதானம் முடிந்தபின் சோறும் சாம்பாரும் மீந்து போகின்றன. அவற்றை இரவு ஒன்பது மணிக்கு முன் சிறு பெட்டிகளில் இட்டு, வெளிமண்டபத்தில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்து மேசையில் வைக்கலாம். சனி, ஞாயிறு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு நேரத்துக்கு ஆகும். தொண்டர்களிடம் நான் கேட்பது இரண்டு. பெட்டி எடுப்பவரின் பெயரை எழுதவேண்டாம். எத்தனை பெட்டி எடுத்தார் என்று எண்ணவும் வேண்டாம். பெட்டிகள் வாங்கும் செலவை ஏற்க விரும்பும் கடைக்காரர்கள் அலுவலகத்திலே தொடர்பு கொள்ளுங்கள். தங்களிடம் வேலை செய்வோரின் இம்மாதச் சம்பளத்தைக் கொடுத்து முடித்தவர்களாயின் இன்னும் நல்லது.

திருச்சிற்றம்பலம்.